வாளி எட்டாத செடி

காலை ஆறு மணி இருபது நிமிடம். பருந்துமேட்டின் உச்சியில் நான் முதலில் பார்த்தது ஒரு மூடி. மணலில் கவிழ்ந்து கிடந்தது. கூம்பு வடிவம், சாம்பல் நிறம். கட்டைவிரல் நுனியில் தொப்பியாக மாட்டிக்கொள்ளலாம் போன்ற அளவு. எடுத்துப் பார்த்தேன். வெளிப்புறத்து வெள்ளைப் பொடி விரலில் ஒட்டியது. உட்புறம் இளம்பச்சையாக, ஈரமாக இருந்தது. விழுந்து அதிக நேரம் ஆகியிருக்காது.

மூடி விழுந்திருந்தால் மேலே ஏதோ திறந்திருக்க வேண்டும். நிமிர்ந்தேன். அப்போது பார்த்ததைக் கடைசியில் சொல்கிறேன். அந்த மேட்டுக்கு ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வனத்துறையில் வனவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பூம்புகாருக்கு வடக்கே உள்ள கடலோரச் சரகத்தில் என் வேலைக்காலத்தின் முதல் பாதியும் கடைசிச் சில ஆண்டுகளும் கழிந்தன. இப்போது அங்கே வனவராக இருப்பவர் தமிழ்ச்செல்வி. பங்குனியில் ஒரு நாள் போன் செய்தார். தைல மரங்களை அகற்றிவிட்டு நாட்டு மரங்கள் வைக்கும் வேலை அவர் சரகத்துக்கும் வந்திருந்தது.

“சார், மேட்டுக்கு மேக்கால இருக்குற தோப்பு முழுசா எடுக்குறோம். அதுல பிரச்சினை இல்ல. மேட்டு உச்சியில ஒரே ஒரு செடி நிக்குது. பழைய ரெக்கார்டுல தைலம்னுதான் இருக்கு. பாத்தா தைலம் மாதிரியே இல்ல, எலை எல்லாம் வெள்ளையா இருக்கு. நாளன்னிக்கு மிஷின் வருது. எடுக்குறதா, விடுறதா?”

“நான் வர்ற வரைக்கும் மேட்டுல மிஷின ஏத்தாதீங்க” என்றேன்.

“அப்ப வந்து சொல்லுங்க சார். அப்படியே அந்தச் செடியோட கதையையும் எழுதிக் குடுத்துடுங்க. புதுசா வந்திருக்குறவங்க யாருக்கும் தெரியல.”

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தைல மரங்களை அகற்றுவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவற்றை வரிசையாக நட்ட இடங்களில் கீழே புல் முளைக்காததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பருந்துமேட்டில் நிற்பது வேறு வகை.

வேலைக்கு வருமுன் மயிலாடுதுறையிலிருந்து ஒரு மாலை நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மணி என்ன, கண்ணில் முதலில் பட்டது என்ன, யார் என்ன சொன்னார் என்ற வரிசையில் எழுது, உன் கருத்தை வீட்டில் வைத்துவிட்டு வா என்பார் அங்கிருந்த ஆசிரியர். பிறகு தேர்வு எழுதி வனக்காப்பாளர் ஆனேன். பயிற்சியில் ஓடினோம், நடந்தோம், சங்கிலி பிடித்து நிலம் அளந்தோம், பட்டையைப் பார்த்து மரத்தின் பெயர் சொல்லக் கற்றோம். ஒரு செடியை எப்படிப் பார்ப்பது என்று கற்றது கமாலுதீன் சாரிடம்.

அவர் என் முதல் வனச்சரகர். சொந்த ஊர் திருமுல்லைவாசல். குடும்பத்தில் மற்றவர்கள் கடை வைத்திருந்தார்கள், அல்லது வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். அரசு வேலைக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். மணலில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். கூலிக்கு வருபவர்கள் உட்பட எல்லோரையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். எனக்கு அவர் வைத்த பெயர் நிருபர். நான் எதைச் சொன்னாலும் மணியில் தொடங்குவதைக் கேட்டு வைத்தது.

“சொல்லுங்க நிருபரே, மணி என்ன, என்ன பாத்தீங்க?”

ஒரு செடி வாடியிருந்தால் அவர் இலையைப் பார்க்க மாட்டார். குனிந்து, தண்டின் நடுவே கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறுவார். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெரியாவிட்டால் இன்னும் கீழே கீறுவார். பிறகு அதற்கும் கீழே. தரைமட்டம் வரை வந்தும் பச்சை இல்லையென்றால், எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, “இன்னும் பதில் வரலை” என்பார். ‘செத்துப்போச்சு’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மறுபடி ஒருமுறை போய்க் கீறிப் பார்க்காமல் எந்தச் செடியையும் கணக்கிலிருந்து எடுக்க விடமாட்டார். அந்த ஒரு நகம் மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும்.

பருந்துமேடு என்பது கடலுக்கும் தோப்புக்கும் நடுவே நிற்கும் மணற்குன்று. அடிவாரத்தில் சவுக்கு நன்றாக வரும். உச்சியில் வராது. மழைக்காலத்தில் தளிர்க்கும், சித்திரை வெயிலில் காயும், காற்றில் வேர் வெளியே தெரிந்து சாய்ந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்காலும் வயலும் இருக்கும் நாட்டில், தண்ணீர் தங்காத ஒரு துண்டு நிலம். அதில் எது நிற்கும் என்று பார்க்க ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு விதைப் பொட்டலம் அனுப்பினார்கள்.

சார் அதை மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினார். உடைத்த மிளகு போல இருந்தது. பாதி விதை, பாதி உமி. பொட்டலத்தின் மேல் இருந்த பெயரை நிறுத்தி நிறுத்திப் படித்தார்: யூகலிப்டஸ் மேக்ரோகார்ப்பா.

“தைல மரத்து இனந்தான். பெரிய காய்னு அர்த்தம். ஆஸ்திரேலியாவுல மேற்குப் பக்கம். ஆறு கெடையாது, பெரிய மரம் கெடையாது. இடுப்பளவு புதருங்களா ஒரே மணல்காடு. வருசத்துல பாதி நாள் மழையப் பாக்காது. சில வருசத்துக்கு ஒரு தடவ எல்லாம் எரிஞ்சு போயிரும். அங்க வளர்றது இது.”

“எரிஞ்சா எப்படி சார் வளரும்?” என்று கேட்டேன்.

“அதத்தான் பாக்கணும்.”

நாற்று விடுவதற்கு அவர் சொன்ன முறை எங்களுக்குப் புதிது. சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு, செம்மண் ஒரு பங்கு. தொழுவுரம் கிடையாது. பாலித்தீன் பையின் அடியில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு துளைகள். விதையைத் தூவி, விதையின் கனத்துக்கு மட்டும் மணல் தூவ வேண்டும். மேலிருந்து நீர் தெளிக்கக் கூடாது. தட்டில் தண்ணீர் வைத்து, அதில் பையை நிறுத்தி, அடியிலிருந்து ஊறவிட வேண்டும். மேல் மணலின் நிறம் மாறியதும் பையை வெளியே எடுத்துவிட வேண்டும்.

பச்சையாக முளைத்த நாற்று வளர வளர வெளுத்தது. இலைகளுக்குக் காம்பு இல்லை. இரண்டிரண்டாக எதிரெதிரே, தண்டைக் கட்டிப்பிடித்தபடி இருந்தன. மேலே கோலமாவு தூவியது போன்ற ஒரு பூச்சு. வெயிலைத் திருப்பி அனுப்பத்தான் அந்தப் பூச்சு என்றார் சார். நான் ஓர் இலையைத் தொட்டேன். என் விரல் ரேகை அதில் அப்படியே பதிந்தது. எங்கோ ஒரு மணல்வெளியில் வாழக் கற்றுக்கொண்ட ஒன்று, எங்கள் ஆற்று மணலில் முளைத்து, தன் வெயிலுக்கான ஆடையை இங்கேயும் தானாகவே நெய்துகொள்கிறது. அன்று அந்தத் தட்டுகளுக்கு முன்னால் நான் நின்ற நேரம் என் வேலைக்குத் தேவையானதைவிட அதிகம்.

நடவுக்கு மீனவர் குப்பத்துப் பெண்கள் வந்தார்கள். மீன் ஏலம் முடிந்த பிறகு வருவார்கள். அவர்களில் முன்னால் நிற்பவர் பாக்கியம். வேலையும் வாயும் ஒரே வேகத்தில் போகும். மேட்டைப் பார்த்துக்கொள்ள ராமையன் காவலராக இருந்தார். குத்தாலத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். எங்களிடம் வரும்வரை நெல்வயலிலேயே வளர்ந்தவர்.

குழிகள் வெட்டியதும் சார் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். “நட்ட அன்னிக்கு ஒரு குவளை தண்ணி. அதோட சரி. மழை பெய்ஞ்சா பெய்யட்டும், நாம ஊத்தக் கூடாது.”

“வாடுனா சார்?” என்றார் ராமையன்.

“வாடட்டும்.”

“பச்சப்புள்ளைக்குப் பால் கெடையாதுங்குறாரு சாரு” என்றார் பாக்கியம். “எழுதிக்கங்க நிருபரே, நாளைக்கி பேப்பர்ல வரட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ராமையன் சிரிக்கவில்லை.

மழைக்காலம் முழுவதும் செடிகள் நன்றாக இருந்தன. மாசியில் சாகத் தொடங்கின. இலை உதிராது. தண்டின் அடி கறுக்கும். பிறகு செடி முழுவதும் நின்ற வாக்கிலேயே காய்ந்துவிடும். நான் ஒரு தாளில் வரிசைகளை வரைந்து, போன இடங்களில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு வந்தேன். வெயிலும் காற்றும் உச்சியில்தான் அதிகம். முதலில் போக வேண்டியவை உச்சியில் நின்றவை. ஆனால் என் குறிகள் அடிவாரத்தில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டிருந்தன. அடிவாரத்தில் சவுக்கு நாற்றுகளுக்காகப் போட்ட ஒரு கைப்பம்பு இருந்தது.

“சார், காலை ஏழு மணிக்குப் பாத்தேன். செத்ததெல்லாம் பம்புக்குப் பக்கத்துல இருக்கு.”

“பதில் வராததெல்லாம்” என்று திருத்தினார். பிறகு தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “நாளைக்கு விடியிறப்ப போவோம்.”

மறுநாள் நாங்கள் போனபோது ராமையன் இரண்டு கைகளிலும் வாளியோடு மேடேறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு செடியிடமும் வாளியை இறக்கி, கையால் அள்ளி வேரில் விட்டார். எங்களைப் பார்த்ததும் நின்றார். ஓடவோ மறைக்கவோ முயலவில்லை.

“மூஞ்சி தொங்கிப்போயிக் கெடக்குதுங்க சார். எப்படிப் பாத்துக்கிட்டு நிக்கிறது? ஒரு கை தண்ணிதான்.”

“தெனமும் ஊத்துறீங்களா?” என்றார் சார்.

“தெனமும்னு இல்லீங்க சார்.” கொஞ்சம் யோசித்தார். “காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

வாடியதற்குக் கூடுதலாக ஊற்றியிருக்கிறார். ஊற்ற ஊற்ற அடி அழுகி, இன்னும் வாடியிருக்கிறது. இன்னும் ஊற்றியிருக்கிறார். வேலைக்கு வந்துகொண்டிருந்த பாக்கியம் இதைக் கேட்டுவிட்டார். “என்னண்ணே, நாத்தங்கால்னு நெனச்சுட்டியா? இன்னுங் கொஞ்சம் விட்டா நடவுப்பாட்டே பாடிருப்ப போலருக்கே.”

சார் திட்டவில்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்தார். “எந்த வரிசையோட தண்ணி தீந்து போகும்?”

“உச்சிக்கு முந்தின வரிசைங்க சார். அதுக்கு மேல வாளி காலி. மறுபடி எறங்கி ஏற முட்டி கேக்காது.”

சார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே நடந்தார். உச்சி வரிசையில் சில செடிகள்தான் வைத்திருந்தோம். காற்று மற்றவற்றைச் சாய்த்து மணலால் மூடியிருந்தது. ஒன்று நின்றது. கீறினார். பச்சை தெரிந்தது.

“இது பதில் சொல்லுது” என்றார். இறங்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். “அவரக் குத்தம் சொல்ல முடியாது நிருபரே. நம்ம ஊர்ல தண்ணி ஊத்தாம இருக்க யாருக்கும் யாரும் சொல்லித் தரல.”

ஒரு சோதனை நடவில் பெரும்பகுதி போய்விட்டால் மிச்சத்தைப் பிடுங்கிவிட்டு வழக்கமான மரத்தை வைப்பதுதான் நடைமுறை. மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். அந்த ஒற்றைச் செடியைப் பிடுங்காமல் சவுக்குக் குழிகளைச் சற்றுத் தள்ளிப் போட அனுமதி கேட்டார் சார்.

“ஒரு செடிக்காகவா?” என்றார் வந்தவர்.

“ஒண்ணு நின்னாலும் அது ஒரு பதில் சார்.”

வந்தவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். செடி தப்பியது.

அடுத்த ஆண்டுகளில் அது உயரவில்லை. அடியிலிருந்தே பல தண்டுகள் கிளம்பி, வளைந்து, மணலைத் தொடுவது போலப் படர்ந்தது. கடலிலிருந்து பார்த்தால் மேட்டின் உச்சியில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். ராமையன் நாள்தோறும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். “வெறுங்கையோட போயி நிக்கிறது என்னமோ மாதிரி இருக்குங்க சார்” என்பார். ஆனால் வாளியை எடுக்கவில்லை.

கமாலுதீன் சார் ஓய்வு பெற வேண்டிய ஆண்டு. சித்திரை மாதம், பிற்பகல் இரண்டரை மணி. தோப்புக்குத் தெற்கே முதலில் புகையைப் பார்த்தேன். அடிவாரச் சவுக்கின் காய்ந்த சருகு கணுக்கால் அளவு கிடந்த காலம். எப்படிப் பற்றியது என்று கடைசிவரை தெரியவில்லை. நாங்கள் ஈரச் சாக்கோடு அடித்தோம். குப்பமே திரண்டு வந்தது. கைப்பம்பில் அடித்து மாளாது, கடலிலிருந்துதான் மொண்டோம். பெண்கள் வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றினார்கள். அடிவாரத்தில் தீ மட்டுப்பட்டது. ஒரு நாக்கு மட்டும் காய்ந்த புல்லைப் பிடித்துக்கொண்டு மேட்டின் மேல் ஏறியது.

ராமையன் பாக்கியத்தின் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடினார். சார் குறுக்கே நின்றார்.

“நில்லுங்க ராமையன். உச்சியில அத ஊத்தாதீங்க.”

“எரியப் போவுதுங்க சார்.”

“எரியட்டும். இத ஊத்துனா உப்பு வேருல நிக்கும். நெருப்பு அதுக்குப் பழக்கம். உப்பு பழக்கமில்ல.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” ராமையன் ‘சார்’ சொல்லாமல் அவரிடம் பேசியது அந்த ஒருமுறைதான்.

“தெரியாது” என்றார் சார். “படிச்சிருக்கேன். பாத்ததில்ல.”

இதற்குள் தீ உச்சியைத் தொட்டுவிட்டது. அந்த இலைகளில் எண்ணெய் உண்டு. பற்றிய நொடியில் செடி முழுவதும் ஒரே வெளிச்சமாக எழுந்தது, படபடவென்று சத்தம் கேட்டது, அடங்கிவிட்டது. தைல வாசனை குப்பம் வரை போனது. ராமையன் குடத்தை மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் சாரும் நானும் ஏறினோம். கரிக்குச்சிகள் நின்றன. சார் ஒவ்வொன்றாகக் கீறினார். நடுவில், கீழே, தரைமட்டத்தில். எங்கும் பச்சை இல்லை. வழக்கமாக அங்கே எழுந்துவிடுவார். அன்று எழவில்லை. மண்டியிட்டு இரண்டு கைகளாலும் மணலை விலக்கத் தொடங்கினார். நானும் விலக்கினேன். முழங்கை ஆழம் போவதற்குள் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பெரிய கருணைக்கிழங்கு போல முண்டும் முடிச்சுமாக இருந்த மரக்கட்டி. எல்லாத் தண்டுகளும் அதிலிருந்துதான் கிளம்பியிருந்தன. இரண்டு கைகளையும் சுற்றிக் கோத்தால்தான் அணைக்க முடியும். மேலே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது மெலிந்த குச்சிகள். இத்தனை ஆண்டும் அது தன் பெரும்பகுதியை மணலுக்குள் சேர்த்து வைத்திருக்கிறது.

சார் அதன் தோளில் கீறினார். பச்சை வரவில்லை. இளஞ்சிவப்பாக ஓர் ஈரம் தெரிந்தது.

“பச்சையும் இல்ல, காஞ்சும் இல்ல” என்றார். கொஞ்ச நேரம் கையை அதன்மேல் வைத்திருந்தார். பிறகு மணலை அள்ளி மூடினார். “இன்னும் பதில் வரலை.”

வைகாசி போனது. ஆனி போனது. ஆடியில் காவிரியில் தண்ணீர் வந்து வாய்க்கால்கள் நிறைந்தன. மேட்டிலிருந்து மேற்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை உழுத வயலும் நாற்றங்காலும். மேட்டின் உச்சி கறுப்பாகவே இருந்தது. ராமையன் சாரோடு வேலைக்கு வேண்டிய சொற்களை மட்டும் பேசினார். ஆடி நடுவில் சார் ஓய்வு பெற்றார். அன்று காலை அலுவலகத்தில் பூமாலை காத்திருந்தது. அவர் அதற்கு முன்பே மேட்டுக்குப் போய்விட்டு வந்தார். வலது கட்டைவிரல் நகத்துக்குள் கரி இருந்தது.

“நிருபரே, இத நான்தான் எரியவிட்டேன்னு எழுதுங்க. பொழைச்சாலும் சரி, பொழைக்காட்டியும் சரி, வேற மாதிரி எழுதாதீங்க.”

ஆவணியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ராமையன் அலுவலக வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. “வாங்க சார்” என்று மட்டும் சொன்னார். 

உச்சியில், கரிக்குச்சிகளின் அடியில், மணல் வெடித்திருந்தது. அந்த வெடிப்பிலிருந்து ஒரு வளையம்போலத் தளிர்கள் வந்துகொண்டிருந்தன. சில இளஞ்சிவப்பு முனைகள். சில அதற்குள் வெள்ளைப் பூச்சோடு விரிந்துவிட்டன. தீ விபத்துக்குப் பிறகு மேட்டில் ஒரு நல்ல மழைகூடப் பெய்யவில்லை. யாரும் ஒரு கை தண்ணீர் ஊற்றவில்லை. குனிந்து ஓர் இலையைத் தொட்டேன். ரேகை பதிந்தது.

ராமையன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். “உள்ளயே வச்சிருந்திருக்குங்க சார்” என்றார்.

“எத?”

“எல்லாத்தையும்.”

அன்றே திருமுல்லைவாசலுக்குப் போனேன். சார் வீட்டில் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஷார்ஜாவில் இருந்த மகன் பெற்றோரை அழைத்துப்போக ஏற்பாடு செய்திருந்தார். என்னைப் பார்த்ததும், “மணி என்ன, என்ன பாத்தீங்க?” என்றார். சொன்னேன்.

“மழை பெய்ஞ்சுதா?”

“இல்ல சார்.”

“அவரு தண்ணி ஊத்தலியே?”

“ஊத்தல சார்.”

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “டீ ரெண்டு” என்றார்.

அதன்பின் எனக்கு மாறுதல் வந்தது. ஆழிப்பேரலை வந்தபோது நான் வேறு சரகத்தில் இருந்தேன். அந்த நாளைப் பற்றி அங்கிருந்தவர்கள்தான் எழுத வேண்டும். மேட்டின் உச்சிக்கு நீர் ஏறவில்லை என்று பாக்கியம் பிற்பாடு சொன்னார். அன்று அவர் நின்றது அங்கேதான். கடைசி ஆண்டுகளில் வனவராக நான் திரும்பி வந்தபோது செடி மறுபடி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நான் ஓய்வு பெறும்வரை அதில் ஒரு மொட்டைக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது இந்தப் பங்குனிக் காலைக்கு வருகிறேன். மேட்டின் கீழே மஞ்சள் நிற மண்வெட்டும் இயந்திரம் நின்றது. ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தமிழ்ச்செல்வியும் பாக்கியமும் நானும் ஏறினோம். முந்தின நாள் நான் போன் செய்ததற்கே ராமையன் குத்தாலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

மூடியை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது நான் பார்த்தது பூ. விரித்த உள்ளங்கை அகலம். காம்பு இல்லாமல் கிளைமேலேயே உட்கார்ந்திருந்தது. இதழ் ஒன்றுகூட இல்லை. எண்ண முடியாத சிவப்பு நூல்கள், ஒவ்வொரு நுனியிலும் ஒரு மஞ்சள் பொட்டு. பாதி நூல்கள் விரிந்துவிட்டன. மீதி, மூடிக்குள் மடங்கியிருந்த வாக்கிலேயே உள்நோக்கி வளைந்திருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நூல் நிமிர்ந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.  ஒரு தேன்சிட்டு வந்து, எங்களைப் பொருட்படுத்தாமல், பூவின் நடுவில் மூக்கை விட்டது.

அதே கிளையில் சற்றுக் கீழே பழைய காய்கள் இருந்தன. கடைந்தெடுத்த பம்பரம் போல் கனமானவை. சில வெடித்து, விதை போய், கறுத்திருந்தன. ஆகவே இது முதல் பூ அல்ல. முந்தைய ஆண்டுகளிலும் பூத்திருக்கிறது, காய்த்திருக்கிறது. பார்க்க ஆள் இல்லாமல் பூத்திருக்கிறது.

“இத்தன வருசம் கீழயே கெடந்து மீன் வித்துருக்கேன்” என்றார் பாக்கியம். “தலைக்கு மேல இது நடந்துருக்கு.” பிறகு தமிழ்ச்செல்வியிடம் திரும்பினார். “இந்த மேட்ட மட்டும் மிஷினு தொடக் கூடாதும்மா. செடிக்காக இல்லாட்டியும் எங்களுக்காக.”

தமிழ்ச்செல்வி செடியின் அருகே போனார். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். மரக் கணக்கெடுப்பில் சுற்றளவை மார்பு உயரத்தில்தான் அளக்க வேண்டும். அவர் அந்த உயரத்தைக் குச்சியில் குறித்து, குச்சியை ஒவ்வொரு தண்டின் அருகிலும் நிறுத்திக்கொண்டே செடியைச் சுற்றி வந்தார். தண்டுகள் எல்லாம் அதற்குக் கீழேயே வளைந்துவிட்டிருந்தன. அந்த உயரத்தை எட்டியவை சுண்டுவிரல் பருமனுள்ள கிளை நுனிகள். மறுபடி ஒருமுறை சுற்றினார். நாடாவைச் சுருட்டினார்.

“அளக்குற மாதிரி ஒரு தண்டு கூட இல்ல சார். மரக் கணக்குல இது வராது. போய் அளந்தோம், மரம் இல்ல, புதர்னு எழுதுறேன். மேட்டுக்கு வேலி கேட்டும் சேத்து எழுதுறேன்.”

மேட்டின் விளிம்புக்குப் போய் ஓட்டுநரை நோக்கிக் கையை மேற்கே காட்டினார். இயந்திரம் கிளம்பித் தோப்புப் பக்கம் திரும்பியது.

நான் பூவைப் படம் எடுத்துக் கமாலுதீன் சாருக்கு அனுப்பினேன். இப்போது அவருக்குப் பார்வை மங்கல். பேரன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறான். குரல் பதிவு வந்தது. நால்வரும் போனைச் சுற்றி நின்று கேட்டோம்.

“நிருபரே, செகப்பா தெரியுது. மத்தத நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுக்கணும். இங்க பாலைவனத்துல ரோட்டோர மரம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு குழாய் போட்டு வச்சிருக்காங்க. நம்ம ராமையன் இங்க வந்தா சந்தோசப்படுவாரு. அது கெடக்கட்டும். அந்தக் கட்டி மேல மணல் மூடியிருக்கா, காத்துல வெளிய வந்துருச்சா? அதப் பாத்துச் சொல்லுங்க.”

ராமையன் குனிந்து பார்த்தார். கடல் பக்கம் ஒரு கையளவு வெளியே தெரிந்தது. மணலை அள்ளி மூடி, தட்டிவிட்டார். அந்த வேலையில் அவருக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தார். செடியை ஒருமுறை பார்த்தார். பாதியைக் குடித்தார்.

மிச்சத் தண்ணீரைப் பாட்டிலோடு கீழே எடுத்து வந்தார்.